டிக் போடாத மாடுகள்

ஒன்பதாம் நம்பர் உள்ளே போயிற்று. பூமிநாதன் தோள்பைக்குள் கையை விட்டு, டிபன் டப்பாவுக்கு அடியில் கவர் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தான். இருக்கிறது. எங்கே போய்விடும்? காலையிலிருந்து பத்துத் தடவை தடவியாயிற்று, கால் முளைத்து ஓடுகிற சாமானா அது. சொத்தைப் பல்லை நாக்கு போய்ப் போய்த் தொடுகிற மாதிரி கை தானாகப் போகிறது, அவன் என்ன செய்வான். ஜில்லா கால்நடை அலுவலகத்து வராந்தாவில் ஒரே பெஞ்சில் ஆறு பேர், சுவரோரம் நின்றுகொண்டு இருபது பேர், எல்லோரும் கால்நடை ஆய்வாளர்கள், எல்லோர் கையிலும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் ஃபைல். மாறுதல் கலந்தாய்வு. சர்வீஸ் மூப்பில் முன்னால் இருக்கிறவன் முதலில் உள்ளே போவான், காலி இடங்களின் பட்டியலைப் பார்ப்பான், பிடித்த ஊரைச் சொல்லுவான், அதோடு அந்த ஊர் பட்டியலிலிருந்து அடிபட்டுப் போகும். அடுத்தவனுக்கு மிச்சம். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவனுக்கு அப்பளம் வருகிற கதைதான், வந்தால் வந்தது. பூமிநாதன் பதினைந்து. பதினாலு யார் என்றால், இதோ பக்கத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, பொட்டலத்து வறுகடலையைத் தோல் ஊதி ஊதித் தின்றுகொண்டிருக்கிறானே, சேவுகன், அவன்தான். சேவுகப்பெருமாள். ஆறு வருஷமாக ஒரே ரூமில் ஒரே ஸ்டவ்வில் பொங்கித் தின்கிறவன். கவருக்குள் இருக்கிற மனு அவனைப் பற்றியது.

பத்து மணிக்கே சூப்பிரண்டு வெளியே வந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார். "யார் மேலயாவது யாருக்காவது ஆட்சேபணை இருந்தா, அவங்க பேரைக் கூப்பிடறதுக்கு முன்னாடியே எழுதிக் குடுத்துடணும். குடுத்தா அவங்களைத் தள்ளி வச்சுட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவோம். கையெழுத்தோட குடுக்கணும். மொட்டைக் கடுதாசியெல்லாம் இங்கே செல்லாது." தள்ளி வச்சுட்டு அடுத்த ஆளை. பதினாலைத் தள்ளினால் அடுத்த ஆள் பதினைந்து. ஒன்றாம் வகுப்புக் கணக்கு. பட்டியலில் பூமிநாதனுக்கு வேண்டியது ஒரே ஒரு ஊர், மேட்டுக்கடை. அங்கே ஒரே ஒரு காலியிடம். மேட்டுக்கடைக் கிளை நிலையத்திலிருந்து அவன் வீட்டுக்கு சைக்கிளில் போனால் கால் மணி நேரம். இப்போது இருக்கிற மலையடிவாரத்திலிருந்து மூன்று பஸ் மாறி நாலரை மணி நேரம். சனிக்கிழமை சாயங்காலம் போய் விழுந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எழுந்து வருகிற பிழைப்பு. வீட்டில் சுகந்தி இருக்கிறாள், மகி இருக்கிறாள். மகிக்கு நாலு வயசு. பிறவியிலேயே காது கேட்காது. போன வருஷம் காதுக்குப் பின்னால் திறந்து உள்ளே கருவி வைத்தார்கள். வைத்தால் மட்டும் போதாதாம், கேட்கிற சத்தம் இன்னதென்று அந்த மூளைக்கு ஒவ்வொன்றாகப் பழக்க வேண்டுமாம். அம்மா கூப்பிட்டால் இப்போது திரும்புகிறாள். குக்கர் விசில், பால்காரன் மணி, எதிர்வீட்டு நாய், எல்லாவற்றுக்கும் திரும்புகிறாள். பூமிநாதன் தினமும் போனில் பேசுகிறான். "மகிம்மா, மகிக்குட்டி" என்கிறான். சுகந்தி, "யாருடி பேசறது?" என்று கேட்பாள். குழந்தை யோசித்து, வாயைக் குவித்து, ரொம்பப் பாடுபட்டுச் சொல்லும்: "போன்." அவன் குரலுக்கு அவள் வைத்திருக்கிற பெயர் அது. ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து மகி என்று கூப்பிட்டாலும், அவள் அவனைப் பார்க்காமல் மேசைமேல் இருக்கிற போனைப் பார்க்கிறாள். பயிற்சி டீச்சர் திட்டமாகச் சொல்லிவிட்டாள், "உங்க வாய் அசையறதை தினமும் பக்கத்துல இருந்து பாக்கணும் சார். ஆறு வயசுக்குள்ள பழகினாத்தான் உண்டு." ஆறு வயசு. இன்னும் ரெண்டு வருஷம். அடுத்த கலந்தாய்வு எப்போது வரும் என்று அந்த ஆண்டவனுக்கும் தெரியாது, அரசாங்கத்துக்கும் தெரியாது.

பத்து, பதினொன்று. உள்ளே போகிறவர்கள் சீக்கிரம் சீக்கிரமாக வருகிறார்கள், அடப்பாவிகளா, கொஞ்சம் நின்று யோசித்தால் என்ன. வெளியே வருகிறவன் முகத்தைப் பார்த்தே அவன் கேட்ட ஊர் கிடைத்ததா இல்லையா என்று தெரிந்துவிடுகிறது. கிடைத்த ஊரை வந்ததும் சொல்லிவிடுகிறார்கள், மேட்டுக்கடை இன்னும் போகவில்லை. ஆனால் எந்த ஊர் என்று போவதற்கு முன்னால் ஒருத்தனும் வாய் திறக்கமாட்டான். இந்த டிபார்ட்மெண்டில் அது ஒரு சாங்கியம். ஊர் பெயரை வெளியே சொன்னால் அந்த ஊர் கிடைக்காது. பெண் பார்க்கப் போகிற வீட்டுப் பேரை முன்கூட்டிச் சொல்லாத மாதிரி, பொண்டாட்டியிடம்கூட ரகசியமாகத்தான் சொல்லுவார்கள். அதனால் பூமிநாதனும் சேவுகனிடம் சொல்லவில்லை, சேவுகனும் இவனிடம் சொல்லவில்லை. ஆனால் போன வாரம் துணி துவைத்துக்கொண்டே சேவுகன் கேட்டான், "மாப்ளே, மேட்டுக்கடையில தண்ணி எப்படிடா? உப்பா? வீடு வாடகைக்குக் கிடைக்குமா?" அவ்வளவுதான். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணி எப்படி என்று கேட்கிறவன் எதற்குக் கேட்பான், தாகத்துக்கா கேட்பான்? ஏண்டா கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டு, அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அப்புறம் அவனிடம், எனக்கு விட்டுக்கொடுடா என்று கை நீட்ட வேண்டும். அவன் மாட்டேன் என்றால் ஆறு வருஷம் அங்கேயே உடைந்தது. சரி என்றால் அது அதைவிட மோசம், ஆயுசுக்கும் அவன் முன்னால் தலை நிமிர முடியாது. இப்படியெல்லாம் யோசித்துத்தான் நம் பூமிநாதன் கேட்காமல் விட்டான். கேட்காமல் விட்டவன் அதோடு சும்மா இருந்தானா என்றால், அதுதான் இல்லை.

நேற்றுச் சாயங்காலம் சேவுகன் குளிக்கப் போனான். வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அலமாரியில் பச்சை அட்டை போட்ட நோட்டு. அதில் சேவுகனின் ஊர்வாரியான கோமாரித் தடுப்பூசிக் கணக்கு. மாட்டின் காதில் மாட்டியிருக்கிற மஞ்சள் வில்லையின் பன்னிரண்டு இலக்க எண், மாட்டுக்காரர் பேர், ஊசி போட்டால் பக்கத்தில் ஒரு டிக். அதில் நாலு ஊர், நாலு பக்கம், டிக் போடாத வரிகளோடு. பூமிநாதன் கிழித்தான். மெதுவாகக் கிழித்தான். தண்ணீர்ச் சத்தம் நின்றால் நிறுத்தினான், விழுந்தால் கிழித்தான். நாற்பது வயசு நெருங்குகிற ஆம்பிளை, அரசாங்க ஊழியன், ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன், அப்படி நின்று திருடினான். இப்போது நினைத்தால் காது சுடுகிறது. ஆனால் மனுவில் இருக்கிறது அத்தனையும் நிஜம். ஒரு எழுத்துப் பொய் கிடையாது. ஐப்பசியில் நடந்த தடுப்பூசிச் சுற்றில் மேற்படி சேவுகப்பெருமாள் ஓடைக்கரைப்பட்டி, சாத்தனேந்தல் முதலான நாலு ஊர்களில் அறுபத்துமூன்று மாடுகளுக்கு ஊசி போடாமலே போட்டதாகச் செயலியில் பதிவேற்றியுள்ளார். அதில் பஞ்சவர்ணம் என்பவரின் மாடு, அந்தச் சுற்றுக்கு ஒரு மாதம் முன்பே இறந்துபோனது. இறந்த மாட்டுக்கும் தடுப்பூசி போட்டதாகப் பதிவு உள்ளது. ஆதாரம் இணைப்பு. நிஜம்தானே? நிஜத்தை எழுதின கை ஏன் இப்படி வேர்க்கிறது?

"என்னடா மாப்ளே, மூஞ்சி கோமாரி வந்த மாடு மாதிரி தொங்குது?" என்றான் சேவுகன். கடலையை நீட்டினான். "இந்தா, கொறி. பித்தம் தெளியும்." பூமிநாதன் வாங்கி வாயில் போட்டான். வாயில் போட்ட பிறகுதான், இவன் கையால் வாங்கித் தின்கிறோமே என்று தோன்றிற்று. தோன்றினால் துப்பவா முடியும்.

ஐப்பசியில் அன்றைக்கும் இதே குரல்தான். மழை மூன்று நாள் விடாமல் கொட்டிற்று. சாயங்காலம் ஐந்துக்குள் நூறு சதவீதம் முடித்துக் காட்ட வேண்டும், முடிக்காதவன் விளக்கம் எழுதித் தர வேண்டும் என்று மேலிடத்து மெசேஜ். ஓடைக்கரைப்பட்டிக்கும் சாத்தனேந்தலுக்கும் போகிற பாலத்தில் தண்ணீர் இடுப்பளவு. மற்ற ரெண்டு ஊருக்கும் போயிருக்கலாம், பாலமும் கிடையாது தண்ணீரும் கிடையாது, ஆனால் சேவுகன் போகவில்லை. பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு, போன சுற்று நம்பர்களை நோட்டிலிருந்து பார்த்துப் பார்த்துப் போனில் ஏற்றினான். ஐஸ் கரைந்து வீணாய்ப்போன மருந்துக் குப்பிகளைக் கொல்லைப்புறம் குழி தோண்டிப் புதைத்தான். கையைக் கழுவிக்கொண்டு வந்து, "முடிஞ்சுதுடா. அறுபத்துமூணு மாடு, மூணு மணி நேரம், ஒரு மாடும் உதைக்கலை" என்றான். சொல்லிவிட்டு பூமிநாதன் முகத்தையே பார்த்தான். பூமிநாதன் என்ன செய்தான்? சிரித்தான். விழுந்து விழுந்து சிரித்தான். "பஞ்சவர்ணம் மாட்டையும் ஏத்திட்டியா? அது செத்துப்போச்சேடா" என்று சொல்லி அதற்கும் ஒரு சிரிப்பு. செத்த மாட்டுக்கு ஊசி. அந்த மாடு இளஞ்சோளத் தட்டையைத் தின்று வயிறு உப்பிச் செத்தது. சேவுகன் அன்று லீவு, அவன் பகுதிக்குப் பதிலாகப் போனவன் பூமிநாதன்தான். டாக்டர் அறுத்துப் பார்த்துச் சர்டிபிகேட் எழுதினார். இன்சூரன்சுக்கு வில்லையைக் காதோடு அறுத்துத் தர வேண்டும், அறுத்தவன் பூமிநாதன். பஞ்சவர்ணம் பக்கத்தில் நின்று, "பையப் பையத் தம்பி, அதுக்கு வலிக்கும்" என்றாள். செத்ததற்கு வலிக்குமாம். இவனும் பையத்தான் அறுத்தான், அன்றைக்கு. ஒரு மாதம் கழித்து அதே மாட்டைச் சொல்லிச் சிரிக்க வாய் எப்படி வந்தது? சிரித்த வாய்தான் இப்போது மேற்படி சேவுகப்பெருமாள் என்று எழுதுகிறது.

பன்னிரண்டு உள்ளே போயிற்று. மனசாட்சி என்று ஒன்று இருந்தால் அது ஐப்பசியிலேயே எழுந்திருக்க வேண்டுமா இல்லையா? இல்லை, கார்த்திகையிலாவது? மூன்று மாதம் காலை நீட்டிப் படுத்துத் தூங்கிவிட்டு, மூப்புப் பட்டியல் ஒட்டின அன்றைக்குத் திடீரென்று, ஐயோ அறுபத்துமூன்று வாயில்லா ஜீவன் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு எழுந்திருக்கிற மனசாட்சி எந்த ஊர் மனசாட்சி? ஆனால் இப்படியும் சொல்லலாம், சொன்னால் என்ன தப்பு: காரணம் எதுவானால் என்ன, காரியம் நல்லதுதானே? கோமாரி வந்தால் மாட்டுக்கு வாயெல்லாம் வெந்துபோகும், குளம்பு கழன்று நிற்கும், ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாமல் எச்சில் கயிறு கயிறாக ஒழுகும், பால் குடித்த கன்று ராத்திரிக்குள் செத்து விழும். அதைத் தடுக்கச் சம்பளம் வாங்குகிறவன் தடுக்காமல் விட்டான். அவனைச் சொல்லிக் கொடுப்பது பாவமா? சொல்லிக் கொடுக்கிறவனுக்கும் ஒரு லாபம் இருந்துவிட்டுப் போகட்டுமே, எரிகிற வீட்டில் பிடுங்கின கொள்ளியா இது? ஆமாம், அதுதான், வேறு என்ன. மனுக் கொடுத்தால் சேவுகன் மேல் விசாரணை வரும். ஒரு மாட்டின் கழுத்திலாவது ஊசி இறங்குமா? கவர் ஃபைலாகும், ஃபைல் மேசை மாறும், மாடு அப்படியேதான் நிற்கும். இதையும் பூமிநாதன் நினைத்தான். நினைத்து, தலையை உதறிக்கொண்டான். போன வாரம் சந்தையில் பஞ்சவர்ணம் வழிமறித்தாள். "தம்பி, எங்கிட்ட இருந்த மாடு போச்சு. இருக்கிறது இந்தக் கெடேரி ஒண்ணுதான். பக்கத்து ஊர்ல கோமாரி வந்திருக்குன்றாக. எங் கெடேரிக்கு ஊசி போட்டாச்சுல்ல? சேவுகன் தம்பி வந்தப்ப நான் களையெடுக்கப் போயிட்டேன் போல." அவள் கண் இவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. இவன் சொன்னான்: "போட்டாச்சு, போட்டாச்சு. கவலைப்படாமப் போங்க." ரெண்டு தடவை சொன்னான், ஒரு தடவை போதாதென்று. சேவுகன் செயலியில் பொய் எழுதினான், ஆள் முகம் பார்த்து எழுதவில்லை. இவன் முகத்துக்கு நேரே சொன்னான். மனுவில் இது இல்லை. மனுவில் ஒரு எழுத்துப் பொய்யில்லை என்றால், எழுதாமல் விட்டதை எந்தக் கணக்கில் வைப்பது?

"பசிக்குதா? டப்பாவைத் திறக்கட்டுமா?" என்று சேவுகன் பையின் பக்கம் கையை நீட்டினான். பூமிநாதன் பையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"அட, என்னடா? உள்ளே பாம்பா வச்சிருக்கே?"

"இல்லடா. பேரு வர்ற நேரம். அப்புறம் சாப்பிடலாம்."

"புளிச்சோறுடா. மணக்குது. காலையில நாலு மணிக்கு எந்திரிச்சுக் கிண்டினவன் நான், எனக்கே இல்லேங்கறே." சிரித்துக்கொண்டே முழங்காலில் தட்டினான். தட்டின கை. அந்தக் கையைப் பார்க்காமல் பூமிநாதன் சுவரில் தொங்குகிற கறவை மாட்டுப் படத்தைப் பார்த்தான். போன வருஷம் மகியின் ஆபரேஷன் தேதியைத் திடீரென்று ரெண்டு நாள் முன்னால் தள்ளிவிட்டார்கள் என்று விடியற்காலை போன் வந்தது. பஸ் ஸ்டிரைக். "எந்திரிடா" என்று சேவுகன் பைக்கை எடுத்தான். வழியெல்லாம் மழை. முன்னால் உட்கார்ந்தவனுக்குத்தான் மழை முழுசும், பின்னால் இருந்த பூமிநாதன் அவன் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது சேவுகனுக்கு உதடு நீலம். "போ, போய்ப் பாரு. நான் டீ குடிச்சுட்டு வரேன்" என்றான். டீ குடிக்காமல் ஆபரேஷன் முடிகிறவரை மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தான் என்று சுகந்தி பிற்பாடு சொன்னாள். அந்த மகிக்காகத்தான் இந்தக் கவர். அவளைக் கரை சேர்க்க அவனுடைய முதுகில்தான் ஏற வேண்டியிருக்கிறது, அன்றைக்கும் இன்றைக்கும். ஐயோ, இதை யாரிடம் சொல்லி அழ.

பதின்மூன்று. கதவு சாத்திக்கொண்டது. இனி ஐந்து நிமிஷம், மிஞ்சினால் ஆறு. பூமிநாதன் எழுந்தான். "எங்கடா?" "தண்ணி." நேராக, கலந்தாய்வு அறை வாசலில் போட்டிருந்த சூப்பிரண்டு மேசைக்குப் போனான். போகிற வழியிலேயே பைக்குள் கை, கவர் கையில், ஆனால் பைக்கு வெளியே வரவில்லை. மனுவின் அடியில் கையெழுத்துப் போடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேண்டுமென்றே விட்டிருந்தான், கடைசி நேரத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று. சட்டைப் பையில் பேனா இருக்கிறது, மகி கடித்த பேனா, மூடியில் பல் பதிந்திருக்கும். ஒரு கையெழுத்து. பூ என்று ஆரம்பித்தால் நாதன் தானாக வந்து விழும். போன் என்று சொல்கிற வாய் அப்பா என்று சொல்ல வேண்டுமானால் பூ என்று எழுது. எழுதுடா. பஞ்சவர்ணம் அதுக்கு வலிக்கும் என்கிறாள். வாளியில் தண்ணீர் விழுகிறது. சேவுகனுக்கு உதடு நீலம். சூப்பிரண்டு நிமிர்ந்து, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "என்ன?" என்றார். பூமிநாதன் வாயைத் திறந்தான். "சார்… தண்ணி எங்கே இருக்கு சார்?" "பின்னாடி, ஜீப் ஷெட்டுப் பக்கம். இதுக்கா என்கிட்ட வந்தீங்க?" அவர் சொல்லி முடிப்பதற்குள் கதவு திறந்தது. "பதினாலு, சேவுகப்பெருமாள்!" சேவுகன் கடலைத் தோலை வேட்டியிலிருந்து தட்டிக்கொண்டு, இவனைத் தாண்டி, இவன் தோளில் ஒரு இடி இடித்துவிட்டு உள்ளே போனான். பூமிநாதன் கொடுக்காமல் விட்டானா, கொடுக்க நேரமில்லாமல் போயிற்றா? இதற்கு அவன் சாகிறவரைக்கும் விடை தேடலாம், கிடைக்காது. கிடைத்தாலும் அவனுக்குச் சாதகமாகத்தான் கிடைக்கும், ஆகையால் அது விடை ஆகாது. பெஞ்சில் வந்து விழுந்தான். போயிற்று. மேட்டுக்கடை போயிற்று.

ரெண்டே நிமிஷம். சேவுகன் வெளியே வந்தான், வாயெல்லாம் பல். "கிடைச்சுதுடா! கூத்தக்குடி! எங்க வீட்டம்மா ஸ்கூலுக்கு எதிர்த்தாப்புல!" பூமிநாதனுக்குப் புரியவில்லை. கூத்தக்குடியா? "மேட்டுக்கடை?" என்றான். "அங்கே நான் ஏண்டா போறேன்?" "தண்ணி எப்படின்னு கேட்டியே, வாடகைக்கு வீடு…" "அதுவா! கொழுந்தியாளை அந்த ஊர்லதான் கட்டிக் குடுக்கிறோம் மாப்ளே, பொண்ணு வீட்டுக்காரன் விசாரிக்க மாட்டானா? போ போ, உன் பேரைக் கூப்பிடறாங்க." உள்ளே போனான். மேட்டுக்கடை என்றான். எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். மகி கடித்த பேனாவால் போட்டான். பூ என்று ஆரம்பித்தான், நாதன் தானாக வந்து விழுந்தது.

ஜீப் ஷெட்டுப் பக்கம் வேப்பமரத்தடியில் நின்று வீட்டுக்குப் போன் போட்டான். சுகந்தி அழுதாள், சிரித்தாள், குழந்தையின் காதுப் பக்கம் போனை வைத்தாள். "மகிம்மா!" "யாருடி பேசறது?" "போன்." அவனும் சிரித்தான். சொல்லிக்கோ, சொல்லிக்கோ, இன்னும் பத்தே நாள். போனைச் சட்டைப் பையில் போட்டான். உள்ளே ஏதோ குறைகிறது. என்ன குறைகிறது என்று பார்த்தால், சத்தம் இல்லை. காலையிலிருந்து, காலையிலிருந்து என்ன, பட்டியல் ஒட்டினதிலிருந்து வாயில்லா ஜீவன், அறுபத்துமூன்று உயிர், கடமை, சம்பளம் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்ததே ஒன்று, அது மூச்சுக் காட்டவில்லை. சாப்பிட்டு முடித்த பிள்ளை மாதிரி சுருண்டு படுத்துவிட்டது. அறுபத்துமூன்று மாடும் காலையில் நின்ற மாதிரியேதான் ஊசி இல்லாமல் நிற்கின்றன, அவற்றுக்கு இந்த ஆர்டரால் என்ன ஆயிற்று? ஆகையால் அது மாட்டுக்காகக் கத்தவில்லை. பூமிநாதனுக்கு வெட்கமாக இருந்தது, வேறு பேர் இல்லை அதற்கு. கவரை எடுத்து ரெண்டாக மடித்தான். ஷெட்டு ஓரத்தில் குப்பைத் தொட்டி, கேட்பார் கிடையாது. கையை நீட்டினவனுக்குச் சந்தை வந்தது. அவன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிற பஞ்சவர்ணம் வந்தாள். போட்டாச்சு, போட்டாச்சு. மகியும் இப்படித்தான் இனிமேல் தினமும் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கப் போகிறாள்.

சேவுகன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான். "ஏறு. ரூமுக்குப் போய்ச் சட்டிப்பானையைக் கட்டுவோம்."

"சேவுகா," என்றான் பூமிநாதன். "கிளம்பறதுக்கு முன்னாடி அந்த நாலு ஊருக்கும் போயிட்டு வந்துருவோமா? ஊசி போட."

சேவுகன் முகத்தில் சிரிப்பு அடங்கிற்று. ஸ்டாண்டைப் போட்டான். "இப்ப என்னடா திடீர்னு?"

"பஞ்சவர்ணம் கேட்டா. அவ கெடேரிக்கு."

"எதை வச்சுப் போறது? அந்த ஊர்கள்ல பாதி மாட்டுக்கு மழைக்கு முன்னாடியே நான் போட்டுட்டேன். மிச்ச அறுபத்துமூணு எது எதுன்னு அந்த நோட்டுல டிக்கைப் பாத்தாத்தான் தெரியும். அதுல நாலு பக்கத்தைக் காணோம்." சாவியைத் திருகிக்கொண்டே சொன்னான். "நேத்துக் குளிச்சுட்டு வந்தப்பவே பாத்தேன். அலமாரியில நோட்டு தலைகீழா இருந்துச்சு."

நேற்றிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டுதான் நாலு மணிக்கு எழுந்து புளிச்சோறு கிண்டினானா, கடலை நீட்டினானா? யார் கிழித்தார்கள் என்று தெரியாமலும் இருக்கலாம். ரூமில் இருக்கிறது ரெண்டு பேர், தெரியாமல் எப்படி இருக்கும்? பக்கங்கள் கவருக்குள் மனுவோடு சேர்த்துப் பின் அடித்துக் கிடக்கின்றன. மனுவைத் தனியே கழற்றிக்கொண்டு நாலு பக்கத்தை மட்டும் நீட்டலாம். கீழே கிடந்தது என்று சொல்லலாம். எடைக்குப் போட எடுத்தேன் என்று சொல்லலாம். வாயில் பொய் நாலைந்து வரிசை கட்டி நின்றது, எல்லாமே ஒப்புக்கொள்ளக்கூடிய பொய்கள், சேவுகன் எதைச் சொன்னாலும் சரி என்று சொல்லிவிடுவான், அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பூமிநாதன் கவரை அப்படியே நீட்டினான்.

சேவுகன் வாங்கிப் பிரித்தான். முதல் பக்கத்தைப் படித்தான். பழுத்த வேப்பிலை ஒன்று பெட்ரோல் டாங்க்மேல் விழுந்து நழுவிற்று. படித்து முடித்த மாதிரி இருந்தது, மறுபடி மேலேயிருந்து படித்தான். பிறகு குண்டூசியை நகத்தால் நெம்பி எடுத்து, சட்டைப் பையின் ஓரத்தில் குத்திக்கொண்டான். தன் கையெழுத்து இருந்த நாலு பக்கத்தையும் மடித்து உள்பையில் வைத்தான். மனுவை மட்டும் பூமிநாதனிடம் நீட்டினான்.

"இது உன்னோடது. வச்சுக்க."

"சேவுகா, நான் குடுக்கலடா. கையெழுத்துகூடப் போடல, பாரு…"

"பாத்தேன்." சேவுகன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான். "எவ்வளவு நல்லா எழுதியிருக்கே. வாயில்லா ஜீவன்னு. கடமைன்னு. இதுல ஒரு வரியை அன்னிக்கு எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேடா. ஒரு அறை விட்டிருந்தாக்கூட மறுநாளே போய்ப் போட்டுட்டு வந்திருப்பேன். அதுக்குத்தாண்டா உங்கிட்ட வந்து சொன்னேன். நீ சிரிச்சே."

சேவுகன் பைக்கை உதைத்தான். ரெண்டாம் உதையில் பிடித்தது. "வியாழக்கிழமை ஆறு மணிக்கு. மருந்தும் ஐஸ் பெட்டியும் நான் எடுத்துட்டு வரேன். பஞ்சவர்ணம் கெடேரிக்கு நீ போடு. ஏறு, நேரமாச்சு." பூமிநாதன் ஏறினான். ஆறு வருஷமாக ஏறினதும் வலது கை தானாகச் சேவுகன் தோளுக்குப் போகும். இன்றைக்குப் பாதியில் நின்றது. கேட்டைத் தாண்டினதும் ரோடு தோண்டிக் கிடந்தது. "பள்ளம் வருது, பிடிச்சுக்க" என்றான் சேவுகன், திரும்பாமலே. எதைப் பிடிப்பது என்று தெரியாமல் பூமிநாதன் மடியிலிருந்த பையைப் பிடித்துக்கொண்டான்.